ஈயச்சொம்பு ஓட்டையாகிவிட்டது: பற்ற வைக்கலாமா, தூக்கிப் போடலாமா?

மொட்டைமாடி — சனி, காலை 9:40

வணக்கம். ஓர் அசட்டுத்தனம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். திட்டிவிட்டு வழி சொல்லுங்கள்.

பாட்டியின் ஈயச்சொம்பு பல வருஷம் பரணில் கிடந்தது. பாட்டிக்கு மாயவரம். கல்யாணச் சீரில் வந்த சொம்பு என்று அம்மா சொல்வாள். போன வருஷம் வீடு மாற்றும்போது கீழே இறங்கியது. அதிலிருந்து மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை அதில்தான் ரசம். நேற்று புளித்தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன், தம்பி போனில் கூப்பிட்டான். அவனுக்கு மாமனார் வீட்டுப் பஞ்சாயத்து. திரும்பிப் போனால் ரசமும் இல்லை, புளியும் இல்லை. பர்னரின் மேல் நாலைந்து சொட்டு, வெள்ளி உருண்டை மாதிரி உறைந்து கிடந்தது. சொம்பின் அடியில் ஓட்டை.

கேள்வி இரண்டு. தெருமுனையில் டிவி, மிக்ஸி பழுது பார்க்கிறவர் சால்டரிங் வைத்து ஐந்து நிமிஷத்தில் அடைத்துத் தருவதாகச் சொல்கிறார், கொடுக்கலாமா? இரண்டாவது, ஆபீஸ் தோழி ஒருத்தி, “ஈயம் விஷமாச்சே, பெட்ரோல்லேருந்தே அதை எடுத்துட்டாங்க, நீ ரசத்துல போட்டுக் குடிக்கிறியா?” என்று கேட்டாள். ராத்திரி தூக்கம் வரவில்லை.

காவிரிக்கரை — சனி, காலை 9:58

டிவிக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. முதலில் அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், மற்றதைச் சாயங்காலம் எழுதுகிறேன்.

நெல்லைச்சீமை — சனி, காலை 10:20

எங்கள் ஊரில் ஈயச்சட்டி என்றால் அலுமினியம். சோறு பொங்குவது ஈயச்சட்டி, தண்ணீர் மொள்வது ஈயப் போகணி, எல்லாம் அலுமினியம். எனக்கு வாய்த்தது தஞ்சாவூர்க்காரி. கல்யாணமான புதிதில், “ஈயச்சொம்பு, பார்த்து, உருகிடும்” என்று அவள் சொன்னபோது, அலுமினியம் எப்படி உருகும் என்று சிரித்தேன். இரண்டாம் மாதம் நானே உருக்கினேன். இன்றுவரை எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அந்தச் சொம்பு உள்ளே வந்துவிடும்.

உலைக்களம் — சனி, காலை 11:05

வார்ப்படத் தொழிலில் 26 வருஷம் இருந்தவன். உங்கள் தோழி சொன்னதும் சரி, பாட்டி வைத்த ரசமும் சரி. வம்பு எல்லாம் சொல்லில் இருக்கிறது. தமிழில் ஈயம் என்ற ஒரே பெயரில் மூன்று உலோகம் திரிகிறது.

சொம்பு செய்கிற ஈயம் வெள்ளீயம், ஆங்கிலத்தில் டின். பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே பூசுவதும் இதுதான். உங்கள் தோழி பயப்படுவது காரீயத்துக்கு, அதாவது லெட். பேட்டரியில் இருப்பது அது, பழைய பெயின்டில் இருந்ததும் அது. இந்தியாவில் பெட்ரோலிலிருந்து 2000-ஆம் ஆண்டில் எடுத்ததும் அதைத்தான். மூன்றாவது நெல்லைக்காரரின் அலுமினியம். அது பிறகு வந்து பழைய பெயரில் ஒட்டிக்கொண்டது. ரோமானியர்களுக்கும் இதே குழப்பம் இருந்தது. வெள்ளீயத்தை வெள்ளைப் பிளம்பம் என்றும் காரீயத்தைக் கறுப்புப் பிளம்பம் என்றும்தான் பிரித்தார்கள். நம் வெள்ளீயம், காரீயம் போலவே.

குணம் என்று பார்த்தால் மூன்றும் மூன்று திசை. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் 327-இல், அலுமினியம் 660-இல். ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளீயம் 7.3 கிராம், காரீயம் 11.3, அலுமினியம் 2.7. ஆகவே உங்கள் சொம்பு எந்த ஈயம் என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். சமையலறைத் தராசு இருக்கிறதா? 5 கிலோ தாங்குகிற மாதிரி?

சொம்பை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஓர் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தராசின் மேல் ஏற்றி, முள்ளைச் சைபருக்குக் கொண்டுவாருங்கள். சொம்பை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுசாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டுகிற கிராம்தான் சொம்பு உலோகத்தின் கன அளவு. எடையை அதனால் வகுத்து இங்கே எழுதுங்கள்.

எதிர்க்கட்சி — சனி, மதியம் 12:30

2,000 வருஷத்துக்கு முந்தைய ஆர்க்கிமிடீஸை அடுக்களைக்கு இழுத்து வந்து செய்ய வேண்டிய அளவுக்கு இது அவசியமா? எவர்சில்வரில் ரசம் வைத்தால் உருகாது, விஷமும் இல்லை. ஈயச்சொம்பு ரசத்துக்குத் தனி ருசி என்பதெல்லாம் மனசுதான். கண்ணைக் கட்டிவிட்டு இரண்டு கிண்ணம் வைத்தால் பாதிப்பேர் தோற்றுவிடுவார்கள்.

உலைக்களம் — சனி, மதியம் 1:10

எதிர்க்கட்சி சார், ருசி விஷயத்தில் நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். தகர டப்பாவில் அடைத்து வருகிற அன்னாசிப்பழத்துக்குப் பல கம்பெனிகள் உட்புறம் வார்னிஷ் பூசாமல் வெறும் வெள்ளீயப் பூச்சையே விடுகின்றன. பழத்தின் புளிப்பில் வெள்ளீயம் கொஞ்சம் கரையும், அது பழத்தின் நிறமும் மணமும் கெடாமல் பிடித்து வைக்கும் என்பதால்தான். டப்பா உணவில் ஒரு கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரை வெள்ளீயம் இருக்கலாம் என்று சர்வதேச உணவுத் தரக் குழுவே அனுமதிக்கிறது. புளியும் தக்காளியும் கொதிக்கிற ரசத்திலும் ஏதோ அந்த மாதிரி நடக்கலாம் என்பது என் ஊகம். ஊகம்தான்.

நாடி — சனி, மதியம் 2:15

மருத்துவத் துறையில் இருப்பவள் என்ற முறையில்: வெள்ளீயத்துக்குப் பயப்பட வேண்டாம், காரீயத்துக்குப் பயப்படலாம், தப்பே இல்லை. ரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் தொடும். புளிப்பு அதை நன்றாகக் கரைக்கும். ஆகவே ‘எந்த ஈயம்’ என்ற கேள்வி அனாவசியம் இல்லை.

காவிரிக்கரை — சனி, இரவு 7:45

காலையில் பாதியில் விட்டதை எழுதுகிறேன். எனக்குக் கும்பகோணம். மாமா பாத்திரக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூட லீவு முழுக்க அங்கேதான் கிடப்பேன்.

ஈயச்சொம்பை எடை போட்டுத்தான் விற்பார்கள். பட்டறையில் ஈயத்தை உருக்கித் தகடாக்கி, தட்டித் தட்டி வயிறு, கழுத்து, வாய் என்று எழுப்புவார்கள். வெளிப்பக்கம் சுத்தி அடி விழுந்த தடம் வரிசையாகத் தெரியும். தாமிரத்தையும் பித்தளையையும் தட்டத் தட்ட அது முறுக்கிக்கொள்ளும், நடுநடுவே நெருப்பில் காய்ச்சி இளக்கினால்தான் மேலே தட்டலாம். ஈயத்துக்கு அந்த வேலையே இல்லை. எவ்வளவு தட்டினாலும் விறைக்காது. “இது சொன்ன பேச்சைக் கேக்குற உலோகம்டா” என்பார் ஆசாரி.

இனி சமையல். எங்கள் வீட்டில் பெண்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, தண்ணீர் ஊற்றாமல் சொம்பை அடுப்புக்குக் காட்டாதே என்பது. புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். இறக்கும்போது அடுப்பை அணைத்துவிட்டுத்தான் சொம்பில் கை வைக்க வேண்டும். தீ சொம்பின் வயிற்றைத் தாண்டி மேலே ஏறக்கூடாது. ரசம் இருக்கிற மட்டத்துக்கு மேலே தீ பட்டால் அந்த இடம் அப்படியே வழிந்துவிடும். இடுக்கியால் பிடிக்கக்கூடாது, வாய் நசுங்கும். துணி போட்டுத்தான் தூக்க வேண்டும். துலக்குவதற்குக் கம்பி நார் ஆகாது. புளி, கொஞ்சம் சாம்பல், விரல்.

முக்கியமானது தாளிப்பு. புளி வாசனை போகக் கொதித்ததும் பருப்புத் தண்ணீரை விளாவி, நுரைத்துக்கொண்டு மேலே வரும்போது கொதிக்க விடாமல் இறக்கிவிட வேண்டும். கடுகையும் சீரகத்தையும் நெய்யில் தனியாக இரும்புக் கரண்டியில் தாளித்து மேலே கொட்ட வேண்டும். சொம்பிலேயே நெய் ஊற்றித் தாளிக்கலாமே என்று எங்கள் வீட்டுப் புது மருமகள் ஒருத்தி ஆரம்பித்தாள். அத்தை போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

உலைக்களம் — சனி, இரவு 8:20

அத்தை கூச்சல் போட்டது நியாயம். சொம்புக்குள் தண்ணீர் இருக்கிறவரை சுவர் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், கீழே எவ்வளவு தீ எரிந்தாலும். உருகுவதற்கு இன்னும் 132 டிகிரி பாக்கி இருக்கிறது. நெய்க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, புகைய ஆரம்பிக்கும்போதே 250-க்குப் பக்கத்தில் இருக்கும். சொம்பு அதற்கு முன்பே போய்விடும். காவிரிக்கரை ஐயா சொன்ன விதி ஒவ்வொன்றும் 232-க்கு இந்தப் பக்கம் நிற்பதற்கான ஏற்பாடு.

தகரக்கொட்டகை — சனி, இரவு 10:50

நான் எப்போதும் படித்துவிட்டுப் போகிறவன். இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா ஈயம் பூசுகிறவர்.

வேலூர்ப் பக்கம் கிராமம் கிராமமாகப் போவோம். லீவு நாளில் துருத்தி மிதிக்கிற வேலை எனக்கு. தெருவில் நுழைந்ததும் “பாத்திரத்துக்கு ஈயம் பூசறது” என்று அப்பா ஒரு குரல் கொடுப்பார். வேப்பமரத்தடியில் சின்னதாகக் குழி தோண்டிக் கரி போட்டு மூட்டுவோம். பித்தளை அண்டா பெரிதாக இருந்தால் உள்ளே மணலும் கோணிச்சாக்கும் போட்டு, நான் ஏறி நின்று இடுப்பைத் திருப்பித் திருப்பிக் காலால் தேய்ப்பேன். தெருப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கு அது டான்ஸ் மாதிரி பிடித்தும் இருந்தது, பள்ளிக்கூடத்துப் பையன் யாராவது பார்த்துவிட்டால் அழுகையும் வரும்.

கறுப்பு போனதும் பாத்திரத்தை நெருப்பில் கவிழ்த்துத் திருப்பிக் காய வைப்பார். பதம் வந்ததும் நவச்சாரத் தூளை உள்ளே தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும், மூக்கு எரியும், கண்ணில் தண்ணீர் வரும். அந்தப் புகை அடங்குவதற்குள் ஈயக் குச்சியால் இரண்டு இழுப்பு இழுத்துப் பஞ்சால் சுழற்றித் துடைப்பார். அவ்வளவுதான், பித்தளைக்குள் நிலா ஏறின மாதிரி இருக்கும். பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறி வாந்தி வரும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது எங்களைக் கூப்பிட்டாக வேண்டும். எவர்சில்வர் வந்த பிறகு யாரும் கூப்பிடவில்லை.

ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும். ஈயக் குச்சி வாங்கும்போது அப்பா கடையிலேயே அதைக் காதோரம் வைத்து வளைத்துப் பார்ப்பார். சுத்தமான வெள்ளீயம் வளையும்போது கறக் கறக் என்று சத்தம் போடும். காரீயம் நிறையக் கலந்திருந்தால் சத்தம் வராது, மெத்தென்று வளையும். “அழுவுறதை வாங்கு, அழாததை வுடு” என்பார்.

உலைக்களம் — சனி, இரவு 11:15

தம்பி, உங்கள் அப்பா சொன்னதை உலோகவியலிலும் அப்படியேதான் சொல்கிறோம், ஈயத்தின் அழுகை என்று. வளைக்கும்போது உள்ளே இருக்கிற படிகங்கள் சட்டென்று திசை மாறுவதால் வருகிற சத்தம். நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு. சூட்டில் பிரிந்து அமிலப் புகையாகிப் பித்தளை மேல் இருக்கிற ஆக்சைடைத் தின்றுவிடும், அதனால்தான் ஈயம் ஒட்டுகிறது. உங்கள் மூக்கு எரிந்தது அதனால்தான். அப்பா இருக்கிறாரா?

தகரக்கொட்டகை — சனி, இரவு 11:22

இருக்கிறார் சார். இருமல்தான் விடவில்லை.

கிந்தா — ஞாயிறு, காலை 6:30

மலேசியாவின் ஈப்போவிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இந்தக் குழப்பமே வந்ததில்லை, ஈயம் என்றால் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த ஈயம்தான். எங்கள் கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க ஈயம் தோண்டிய குட்டைகள். பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் 1938-இல் கட்டிய ஈய மண்வாரிக் கப்பல் ஒன்றை இன்னும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், குட்டையில் மிதக்கிற தொழிற்சாலை மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிக ஈயம் இங்கிருந்துதான் போனது. 1985 அக்டோபரில் விலை சரிந்தது, சுரங்கங்கள் வரிசையாக மூடின. உங்கள் பாட்டியின் சொம்பிலும் எங்கள் மண் கொஞ்சம் இருந்தாலும் இருக்கும்.

இங்கே ராயல் சிலாங்கூர் என்று 1885-இலிருந்து பியூட்டர் சாமான் செய்கிறார்கள். அதுவும் பெரும்பகுதி வெள்ளீயம்தான், கொஞ்சம் செம்பும் ஆன்டிமணியும் சேர்ப்பார்கள். கோப்பையும் ஜாடியும் செய்கிறார்கள். ரசம் வைக்கிற யோசனை அவர்களுக்கு வரவில்லை.

மொட்டைமாடி — ஞாயிறு, காலை 10:10

படிக்கப் படிக்க என் கேள்வியே மறந்துவிட்டது. தகரக்கொட்டகை, அம்மாவுக்கு உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சோதனை செய்தேன். சொம்பு 512 கிராம். குக்கரில் தண்ணீர் வைத்து நூலில் கட்டி மூழ்க விட்டேன், தராசு 131 காட்டியது. வகுத்தால் 3.9. இது என்ன உலோகம்?

நெல்லைச்சீமை — ஞாயிறு, காலை 10:18

அலுமினியத்தை நோக்கி வந்துகொண்டிருக்கிறீர்கள். எங்கள் ஊர் எல்லையில் வரவேற்கிறோம்.

உலைக்களம் — ஞாயிறு, காலை 10:40

சொம்பு குக்கரின் அடியைத் தொட்டிருக்கிறது. தொட்டால் அதன் பாரத்தில் ஒரு பங்கும் தராசில் இறங்கிவிடும். இரண்டு நாற்காலி போட்டுக் குறுக்கே துடைப்பக்கட்டையை வைத்து அதில் கட்டித் தொங்கவிடுங்கள். கையில் பிடித்தால் ஆடும்.

மொட்டைமாடி — ஞாயிறு, காலை 11:35

துடைப்பக்கட்டை, அம்மா, நான், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இரண்டு பேர். 70 கிராம். 512-ஐ 70-ஆல் வகுத்தால் 7.31! வெள்ளீயம்தானே? குழந்தைகள் கைதட்டினார்கள். நான் நிம்மதியாகக் காபி குடிக்கப் போகிறேன்.

உலைக்களம் — ஞாயிறு, மதியம் 12:05

காபி குடியுங்கள், ஆனால் முழு நிம்மதியை இன்னும் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். இந்தச் சோதனை பெரிய கலப்படத்தைத்தான் பிடிக்கும். உங்கள் சொம்பில் பத்தில் ஒரு பங்கு காரீயமாக இருந்தால் 70-க்குப் பதில் 68 காட்டும். அந்த வித்தியாசத்தில் சமையலறைத் தராசு தடுமாறும். வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல், அதனால் கலப்பவர்கள் கொஞ்சமாகக் கலப்பதில்லை என்பது ஒரு தைரியம். நகைக் கடைகளில் தங்கம் பார்க்கிற எக்ஸ்ரே மெஷின் இருக்கிறதே, காரீயத்தையும் காட்டுகிற வசதி அதில் இருந்தால் அங்கே ஒரு தடவை காட்டிவிடலாம்.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்த ஓட்டை எப்படி இருக்கிறது? ஓரம் வழிந்து, ஒழுகின மெழுகுவத்தி மாதிரி கோணலாக இருக்கிறதா, இல்லை ஒழுங்காக இருக்கிறதா?

மொட்டைமாடி — ஞாயிறு, மதியம் 12:30

ஒழுங்காகத்தான். பழைய நாலணாக் காசு அளவுக்கு, வட்டமாக. ஓரம்கூட நறுக்கின மாதிரிதான் இருக்கிறது. ஏன்?

உலைக்களம் — ஞாயிறு, மதியம் 12:50

அப்படியென்றால் உருகி விழுந்தது சொம்பு இல்லை. அங்கே முன்பே ஓட்டை இருந்திருக்கிறது, யாரோ அடைத்திருக்கிறார்கள். அடைத்தது ஈயப்பற்று, டிவிக்காரர் வைக்கிறேன் என்கிறாரே, அதே சால்டர். அது வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த கலவை. இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாக உருகுவதைவிடச் சீக்கிரமே இளகும், 183 டிகிரியிலேயே. தண்ணீர் வற்றியதும் சொம்பு 232-க்குப் போவதற்கு முன்பு பற்று கழன்று விழுந்திருக்கிறது. ரசம் இருந்தவரை 100 டிகிரியைத் தாண்டவில்லை, அதனால்தான் இத்தனை வருஷம் தாங்கியது.

பர்னரில் உறைந்த சொட்டுகளை எறிந்துவிட்டீர்களா? இருந்தால் ஒன்றை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் அழுத்தி ஒரு கோடு போடுங்கள். சொம்பின் ஓரத்தாலும் ஒரு கோடு. காரீயம் எழுதும், வெள்ளீயம் அவ்வளவு எளிதில் எழுதாது. பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

மொட்டைமாடி — ஞாயிறு, மதியம் 1:25

சொட்டு பென்சில் மாதிரி எழுதியது. சொம்பு ஓரத்தில் தடவினால் ஏதோ லேசான தடம், அவ்வளவுதான்.

அம்மாவிடம் கேட்டேன். முதலில் “அதெல்லாம் யாரும் அடைக்கலையே” என்றாள். பத்து நிமிஷம் கழித்து அவளே வந்தாள். சித்தியின் வளைகாப்பன்று யாரோ சொம்பைத் தரையில் போட்டுவிட, அடி விரிந்துவிட்டதாம். தாத்தா வெளியில் எங்கேயோ கொண்டுபோய் அடைத்து வந்தாராம். அதற்குப் பிறகும் பாட்டி அதில் தினமும் ரசம் வைத்திருக்கிறாள். தராசு சொன்னது சரி, சொம்பு வெள்ளீயம்தான். ஆனால் நாலணா அளவுக்கு இன்னொன்று உள்ளே இருந்திருக்கிறது.

எதிர்க்கட்சி — ஞாயிறு, மதியம் 2:00

அவசியமா என்று கேட்டது நான்தான். வாபஸ். ஆனாலும் எவர்சில்வரில் இந்தத் துப்பறியும் வேலை வந்திருக்காது.

நாடி — ஞாயிறு, மதியம் 2:40

பதறாதீர்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை, சின்ன இடம். ஆனாலும் நீங்களும் அம்மாவும் ரத்தத்தில் காரீய அளவை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், பெரிய பரிசோதனைக் கூடங்களில் செய்கிறார்கள். சீக்கிரம் போய்விடுங்கள். ரத்தத்தில் இருப்பது ஒரு மாதத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும், பிறகு பார்த்தால் முழுக்கதை தெரியாது. மீதி எலும்பில் போய் உட்காரும், அங்கே பல வருஷம் கிடக்கும். வீட்டில் சின்னக் குழந்தைகளோ கர்ப்பிணியோ அந்த ரசம் சாப்பிட்டிருந்தால் அவர்களுக்கு முதலில். அந்தச் சொட்டுகளைப் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

பனிக்காலம் — ஞாயிறு, மாலை 6:15

குறுக்கே ஒரு கேள்வி. டொரொன்டோவில் இருக்கிறேன். எங்கள் ஈயச்சொம்பு காரேஜில் பெட்டிக்குள் இருக்கிறது, அங்கே மைனஸ் 15 வரை போகும். குளிரில் ஈயம் பொடியாகிவிடும் என்று எங்கேயோ படித்தேன். உண்மையா?

உலைக்களம் — ஞாயிறு, மாலை 7:00

உண்மைதான். 13 டிகிரிக்குக் கீழே வெள்ளீயம் மெல்ல மெல்லச் சாம்பல் நிற வடிவத்துக்கு மாறப் பார்க்கும், அது பொடிப்பொடியாக உதிரும். ரொம்பச் சுத்தமான ஈயம்தான் அப்படிச் செய்யும், அதுவும் மிக நிதானமாக. இருந்தாலும் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். அது அடுப்படியில் இருக்க வேண்டிய சாமான்.

காவிரிக்கரை — ஞாயிறு, இரவு 8:30

அடுத்து என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். பழைய ஈயத்தை எடைக்கு எடை எடுத்துக்கொண்டு, கூலியும் சேதாரமும் வாங்கிக்கொண்டு புதுச் சொம்பு தருகிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. ஆனால் இந்தச் சொம்பை அப்படியே உலையில் போட்டால் ஓரத்தில் ஒட்டியிருக்கிற பற்றும் சேர்ந்து உருகி மொத்தத்தையும் கெடுத்துவிடும். தகரம் வெட்டுகிற கத்திரியால் ஓட்டையைச் சுற்றி இரண்டு விரல் அகலம் தாராளமாக வெட்டி எடுத்துவிடுங்கள். நீங்கள் எடுக்காவிட்டால் பட்டறைக்காரர் எடுப்பார் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். அப்படியே வேறு எங்காவது நிறம் மாறிய இடம் இருந்தால் அங்கேயும் காகிதத்தைத் தேய்த்துத் தடம் விழுகிறதா என்று பாருங்கள்.

ஒரு யோசனை. கடையில் அடுக்கி வைத்திருப்பதை மாற்றிக்கொண்டு வராதீர்கள். உங்கள் ஈயத்தையே உங்கள் கண்முன் உருக்கித் தட்டச் சொல்லுங்கள். ஒரு நாள் ஆகும். உட்கார்ந்திருங்கள்.

மொட்டைமாடி — 24 நாள் கழித்து

விட்டுப்போன கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அம்மாவுக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தோம். பார்த்த டாக்டர் கவலைப்படும்படி இல்லை என்றார். சித்திக்கும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்கவில்லை. “நாப்பது வருஷமா இல்லாத விஷம் இப்ப எங்கேருந்துடி வந்தது” என்கிறாள்.

வெட்டியெடுத்த துண்டு போக 458 கிராம் மிஞ்சியது. நகைக் கடையில் காட்டினோம், காரீயம் எதுவும் காட்டவில்லை. அம்மாவும் நானும் கும்பகோணம் போனோம். சின்னப் பட்டறை. கரண்டியில் பாட்டியின் சொம்பு இரண்டு நிமிஷத்தில் தண்ணீராகிவிட்டது. அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதில் வந்த தகட்டை ஆசாரி சாயங்காலம் வரை தட்டினார். நடுவில் எழுந்து வந்து ஒரு சின்ன நறுக்கை என் கையில் கொடுத்து, “வளைச்சு காதுல வச்சுப் பாருங்க” என்றார். தகரக்கொட்டகை, கேட்டது. பல்லைக் கடிக்கிற மாதிரி, மெல்லிசாக.

புதுச் சொம்பு பழையதைவிடச் சின்னது, இரண்டு பேருக்கு ரசம் வைக்கலாம். நேற்று வைத்தோம். தண்ணீர் ஊற்றினேன், அப்புறம் அடுப்பு. அம்மா பக்கத்திலேயே நின்றாள், என் போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு. நடுவில் தம்பி கூப்பிட்டான். அவளே எடுத்து, “ரசம் இறக்கினப்புறம் பேசுவா” என்று வைத்துவிட்டாள்.

நெல்லைச்சீமை — 24 நாள் கழித்து, சற்று நேரத்தில்

இதை வீட்டில் படித்துக் காட்டினேன். எங்கள் உருகின சொம்பின் கட்டி இன்னும் அவளிடம் இருக்கிறதாம், 19 வருஷமாக, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில். காவிரிக்கரை ஐயா, பட்டறை சனிக்கிழமை திறந்திருக்குமா?